தூவக்கொம்பையின் ஏழாவது மரம்

அந்தக் காலத்தில் விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். அப்போது ஒரு நாள் தூவக்கொம்பை மலையில் கூட்டம் கூடியது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் யானை, காட்டெருமை, சருகுமான், முள்ளம்பன்றி, சோலைமந்தி, மலையணில், மரநாய், உடும்பு, ஆந்தை, மரங்கொத்தி, வௌவால், தேனீ, இருவாச்சி. இது பதின்மூன்று. தேனீ ஒரு படையாகத்தான் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே குரலில் பேசியதால் ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். மனிதர்களில் மூப்பர் காடன், அவர் மனைவி ரேசி, அவர்கள் மகன் மசணன், மசணனின் மனைவி கக்கி, கக்கியின் அண்ணன் மருதன். இது ஐந்து. ஆக மொத்தம் பதினெட்டுப் பேர்.

புலியை யாரும் கூப்பிடவில்லை. அது வந்திருந்தால் கூட்டம் முடியும்போது எண்ணிக்கை சரியாக இருக்காது.

தூவக்கொம்பை என்பது மலை ஆட்கள் சொல்லும் பெயர். பிற்பாடு கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வேறு பெயர் வைத்துப் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை. தூவக்கொம்பை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால், "அம்மாவை அம்மான்னு கூப்பிடறோம். அதுக்கு என்ன அர்த்தம்?" என்று மலை ஆட்கள் திருப்பிக் கேட்பார்கள்.

அந்த மலையில் மரங்களுக்கு வயது சொல்ல ஆள் இல்லை. காடன் வீட்டார் ஐந்து பேரும் கைகோத்து நின்றாலும் சுற்றிப் பிடிக்க முடியாத மரங்கள் அவை. உச்சி வேளையிலும் அடியில் வெயில் விழாது. மழை நின்று வெகுநேரம் கழித்தும் இலைகளில் தங்கிய தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அவற்றில் மிகவும் கிழடு தட்டி, நடுவே பொந்து விழுந்த மரங்கள் ஏழு. கூட்டம் அந்த ஏழு மரங்களைப் பற்றித்தான்.

காடன் வீட்டார் மலைக்குப் புதியவர்கள். அதற்கு முன் அவர்கள் குடிசைகள் கீழே ஆற்றோரம் இருந்தன. ஒரு மழையில் ஆறு வழி மாறி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கோடாலி, ஒரு கிழங்குக் கம்பி, இரண்டு சட்டி, இவற்றோடு மேலே ஏறி வந்தார்கள். கக்கிக்கு நிறைமாதம். ஏறும்போது இடுப்பில் கையை ஊன்றி ஊன்றித்தான் ஏறினாள்.

இன்னொருவர் வீட்டில் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று காடன் நினைத்தார். அதனால்தான் கூட்டம் கூட்டச் சொன்னார். கூட்டம் கூடினால் ஆளுக்கொரு கூழாங்கல் வைத்து எண்ணுவது அவர் வழக்கம். அன்றும் எல்லாரும் பார்க்க, ஒரு பாறையடியில் ஒவ்வொரு கல்லாக வைத்தார்.

"கக்கிக்கு ரெண்டு வைங்க" என்றாள் ரேசி.

"பொறக்காததை எண்ணக் கூடாது. கண்ணு பட்டுரும்."

"யாரு கண்ணு படப்போகுது? இங்க இருக்கறவங்க எல்லாம் அவளைவிட வயிறு பெருத்தவங்க."

யானை தும்பிக்கையால் மண்ணைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டது. மந்தி சிரித்துவிட்டது. கக்கி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். காடன் அவளுக்கு ஒரு கல்தான் வைத்தார். பதினெட்டுக் கல்.

பிறகு காடன் எழுந்து பேசினார். "எங்க பொண்ணுங்க ஊருக்குள்ள பிள்ளை பெத்துக்க மாட்டாங்க. தனியா ஒரு குடிசை வேணுமுங்க. மூங்கில் இருக்கு, செம்மண்ணு இருக்கு, செவுரு எழுப்பிருவோம். கூரைக்குத்தான் ஒரு பொந்து மரம் வேணும்."

"கூரைக்கு எதுக்குப் பொந்து மரம்?" என்று சருகுமான் கேட்டது. எதையும் கேட்டுவிட்டுப் பயந்துபோய் ஓரடி பின்னால் நிற்பது அதன் சுபாவம்.

மசணன் கையை விரித்துக் காட்டினான். "நடுவுல ஏற்கெனவே குடைஞ்சிருக்குமே. நெடுகப் பிளந்தா ரெண்டு தொட்டி மாதிரி வரும். அப்படியே கவுத்து வெச்சிட்டா ஒரு சொட்டு எறங்காது. எங்க அப்பன், அவங்கப்பன், எல்லாரும் அப்படிக் கூரைக்கு அடியில பொறந்தவங்கதான்."

பழ மரத்தைத் தொடாமல், இலை மரத்தைத் தொடாமல், காய்ப்பு நின்றுபோன பொந்து மரத்தைத்தானே கேட்கிறார்கள் என்று காட்டெருமைக்கும் மலையணிலுக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் மரங்கொத்தி கழுத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது: "பொந்துன்னா காலின்னு நெனச்சுராதீங்க. அதுல ஒண்ணு எங்க வீடு."

அதுவும் சரிதான் என்று யானை ஒவ்வொரு மரமாகக் கேட்டது. ஓடைக்கரை மரம் மரங்கொத்தியுடையது. அதற்கு மேலே இருப்பது ஆந்தையுடையது. பாறை இடுக்கில் நிற்பது தேனீயுடையது. இரட்டைக் கவை மரத்தில் வௌவால். கிழக்குச் சரிவில் இருந்த இரண்டும் மரநாய்க்கும் உடும்புக்கும். ஆறு மரங்களுக்கு ஆள் வந்துவிட்டது. மேற்குச் சரிவில் நின்ற குங்கிலிய மரம் மட்டும் மிச்சம்.

"அது யாரோடது?" என்று யானை கேட்டது.

யாரும் பேசவில்லை.

அந்த மரத்துக்குள்தான் இருவாச்சியின் பெட்டை உட்கார்ந்திருந்தது. இரண்டு முட்டை வைத்திருந்தது. அன்றெல்லாம் இருவாச்சியின் பொந்துக்கும் மற்றப் பறவைகளின் பொந்தைப் போலத் திறந்த வாசல்தான். அந்த மரத்தில் ஆள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் முட்டை பிழைத்திருந்தது. இருவாச்சி தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்து கீழே பார்த்தது. இந்தப் பக்கம் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மரநாய் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் முட்டை என்றால் உயிர்.

"இருவாச்சி, உனக்கு வீடு?" என்று யானை பேர் சொல்லியே கேட்டது.

"எனக்கா? நான் கொம்புல உக்காந்து தூங்கறவன்."

அது பொய்யில்லை. பெட்டை உள்ளே இருக்கும்போது அது வெளியே கொம்பில்தான் தூங்கியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது.

மரநாய் விடவில்லை. "அண்ணனோட சம்சாரத்தைக் காணோமே. எப்பவும் சோடியாத்தானே பறப்பீங்க. கோவிச்சுக்கிட்டாளா?"

"தாய்வீட்டுக்குப் போயிருக்கா."

"இருவாச்சிக்குத் தாய்வீடா!" என்று மந்தி கத்த, எல்லாரும் சிரித்தார்கள். இருவாச்சியும் சேர்ந்து சிரித்தது.

குங்கிலிய மரம் காடன் வீட்டாருக்கு என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் வெட்டலாம் என்றார்கள்.

இருவாச்சி நேராக மரத்துக்குப் போகவில்லை. மரநாய் பின்னாலேயே வந்ததால் கிழக்கே பறந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மரநாய் அலுத்துத் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் மேற்குச் சரிவுக்கு வந்தது. வாசலில் தொற்றிக்கொண்டு, நடந்ததைச் சொல்லி, "வா, வெளியே போயிரலாம்" என்றது.

பெட்டை சிறகைத் தூக்கிக் காட்டியது. நீள இறகு ஒன்றுகூட இல்லை. "உதிர்த்து முட்டைக்கு மெத்தை போட்டாச்சு. நடந்து வரட்டுமா?"

இருவாச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"அத்தனை பேர் முன்னாடி ஒரு வார்த்தை, இது என் வீடுன்னு சொல்லியிருக்கலாமே" என்றது பெட்டை.

"சொன்னா உடும்புக்கும் கேக்குமே."

பெட்டை முட்டை இரண்டையும் அலகால் மெல்லத் திருப்பிப் போட்டது. பிறகு சொன்னது: "அப்ப எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்குச் சொல்லு. காதுல விழுந்ததை வயித்துக்குள்ள வெச்சுக்கற ஆளு யாராவது இருந்தாங்களா அங்க?"

இருவாச்சி யோசித்தது. "ஒரு பொண்ணு இருந்தா. வயித்தை முந்தானையால மூடிக்கிட்டு இருந்தா."

"அவகிட்டச் சொல்லு. இன்னொண்ணு. வெளியே யார் வந்து என்ன பண்ணினாலும் நான் குரல் குடுக்க மாட்டேன். குரல் கேட்டா அந்த ரெண்டு பேரும் வந்துருவாங்க."

அன்று கக்கியைத் தனியாகப் பார்க்க இருவாச்சிக்கு வாய்க்கவில்லை. அவளைச் சுற்றி எப்போதும் யாராவது இருந்தார்கள். நாளைக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டது.

ஆனால் கக்கிக்கு விடியும்போதே வலி கண்டது. நினைத்ததைவிட முன்னதாகவே. முந்தின நாள் மாலைக்குள் குடிசைக்கு மூங்கில் சுவர் எழுப்பியிருந்தார்கள். பூசுவதற்குக் குழைத்த செம்மண் பக்கத்தில் ஒரு குவியலாக இருந்தது. கூரை மட்டும் இல்லை. மேற்கே மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. மசணன் கஞ்சிகூடக் குடிக்காமல் கோடாலியைத் தூக்கிக்கொண்டு மலைச் சரிவுக்கு ஓடினான். கக்கியும் ரேசியும் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தக் குடிசைக்கு ஒரு முறை உண்டு. படலைச் சாத்திவிட்டால் ஆண்கள் உள்ளே வரக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. சுவரில் ஓர் இடுக்கு விட்டிருப்பார்கள். கஞ்சியும் வெந்நீரும் கணவன் அதன் வழியாகத்தான் நீட்ட வேண்டும். மசணன் மரம் வெட்டப் போனதால் மருதன் அந்த இடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கூரை இல்லாததால் இருவாச்சி மூங்கில் சுவரின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"அடப் போ!" என்று ரேசி துணியை வீசினாள். "ஆம்பளை எட்டிப் பாக்கற எடமா இது? மூக்கைப் பாரு, மூக்கை!"

"அம்மா, ஒரு வார்த்தை."

"அரை வார்த்தையும் வேண்டாம்."

"அத்தை, இருங்க" என்றாள் கக்கி. வலியில் அவள் முகம் வேர்த்திருந்தது. "பாவம், அதுக்கு மூச்சு வாங்குது. என்னன்னு கேப்போம்."

இருவாச்சி கீழே இறங்கி அவள் காதில் சொன்னது. கக்கி மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

கக்கி இடுக்கின் பக்கம் திரும்பினாள். "அண்ணா! ஓடு. அந்த மரத்தை வெட்ட வேண்டாம்னு சொல்லு அவர்கிட்ட."

"ஏன் புள்ளே?"

"ஏன்னு கேக்காதே. ஓடு!"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவளை நம்பிச் சொன்ன சொல். வழியில் வாய்விட்டுச் சொல்லி, கேட்கக் கூடாதவர் காதில் விழுந்தால் என்ன ஆவது என்று நினைத்தாள். மருதனும் மேற்கொண்டு கேட்காமல் ஓடினான். இருவாச்சி அவனுக்கு முன்னால் பறந்தது.

குங்கிலிய மரம் சரிவில் நின்றது. மேட்டுப் பக்கம் நின்றால் பொந்தின் வாசல் ஓர் ஆளின் தலைக்கு மேலே, கைக்கு எட்டும் உயரம். பொந்தின் அடி அவன் நெஞ்சு உயரம். மசணன் மேட்டுப் பக்கம் நின்று நெஞ்சு உயரத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். கல்லில் ஏறி எட்டிப் பார்த்திருந்தால் உள்ளே இருப்பது தெரிந்திருக்கும். மரம் காலி என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டதால் பார்க்கத் தோன்றவில்லை.

உடும்பும் மரநாயும் முன்கூட்டியே வந்து எதிர்ப் பாறையில் இடம் பிடித்திருந்தன. பொந்து மரம் விழுந்தால் உள்ளேயிருந்து புழுவும் பூச்சியும் சிதறும். அதற்குத்தான் காத்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் இருவாச்சிக்கு வாய் அடைத்துப்போனது. உச்சிக் கொம்பில் போய் உட்கார்ந்து, மருதன் வரும் வழியையே பார்த்தது. கீழே ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மருதன் வந்து சேர்ந்தான். "மாப்பிள்ளை, நிறுத்து! வெட்ட வேண்டாமாம்!"

மசணன் கோடாலியைத் தாழ்த்தினான். "யாரு சொன்னா?"

"கக்கி."

"எதுக்காம்?"

"தெரியலை. ஏன்னு கேக்காதேன்னா. ஓடி வந்துட்டேன்."

மசணன் வானத்தைப் பார்த்தான். மேகம் கறுத்துக் குன்றின் மேல் வந்துவிட்டது. அவன் மனைவி தலைக்கு மேலே ஒன்றுமில்லாமல் படுத்திருந்தாள். "வலியில ஏதாவது சொல்லியிருப்பா, மச்சான். என்மேல இரக்கப்பட்டுச் சொல்லியிருப்பா. மழை வந்தா அவளும் பிள்ளையும் என்ன பண்ணுவாங்க? அரை மரம் வந்தாச்சு."

கோடாலியை ஓங்கினான்.

"வேண்டாம்!" என்று மேலேயிருந்து இருவாச்சி கத்தியது. உடும்பு இருப்பதையும் மரநாய் இருப்பதையும் மறந்து கத்தியது. ஆனால் கோடாலி அதற்குள் இறங்கிவிட்டது.

அந்த ஒரு வெட்டில் மரத்தின் ஓடு உடைந்தது. கோடாலி உள்ளே போய்விட்டது. மசணன் இழுத்தான். கோடாலியின் வாயில் மஞ்சளாக ஏதோ வழிந்தது. குங்கிலியம் என்று நினைத்து விரலால் தொட்டான். பிசின் என்றால் ஒட்டும். இது ஒட்டவில்லை. வழுக்கியது.

அவன் வெட்டில் காதை வைத்தான். உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்டது. அவ்வளவுதான். அழுகை இல்லை, கூக்குரல் இல்லை. சொன்னதுபோலவே பெட்டை குரல் கொடுக்கவில்லை. மிஞ்சிய ஒரு முட்டையை வயிற்றுக்கு அடியில் இழுத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மசணன் கோடாலியைக் கீழே போட்டான். எடுத்துப் புல்லில் துடைத்தான். பிறகு ஏன் துடைத்தோம் என்று மறுபடி கீழே போட்டான்.

"ஓகோ" என்றது பாறையில் இருந்து மரநாய். "தாய்வீடு இதுதானா?"

உடும்பு பாறையை விட்டு இறங்கி மரத்தை நோக்கி வந்தது. இப்போது அந்த மரத்துக்கு இரண்டு வாசல். மேலே பழைய பொந்தின் வாய், கீழே கோடாலி உடைத்த ஓட்டை. உள்ளே இருப்பதற்குப் பறக்க இறகில்லை.

மசணன் ஓட்டையின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். "மச்சான், மண்ணைக் கொண்டு வா."

"எந்த மண்ணை?"

"குடிசைக்குக் குழைச்ச மண்ணை."

"அது நம்ம செவுத்துக்கு இல்ல வெச்சிருக்கு?"

"கொண்டான்னா கொண்டா, மச்சான்!" என்றான் மசணன்.

மருதன் ஓடிவந்து கூடையில் மண்ணை அள்ளும் சத்தம் கேட்டு ரேசி இடுக்கின் வழியாகப் பார்த்தாள். "அதை எங்கடா தூக்கிட்டுப் போறே?" மருதன் நடந்ததைச் சொன்னான். ரேசி வாயில் கை வைத்துக்கொண்டாள். கக்கி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்ததும், "எல்லாத்தையும் எடுத்துக்க அண்ணா" என்றாள்.

"உன் செவுத்துக்கு?" என்றாள் ரேசி.

"எனக்கு மூங்கிலாச்சும் இருக்குங்க அத்தை. அவளுக்கு?"

மருதன் கூடையைத் தலையில் தூக்கும்போது ரேசி இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்: "முழுசா அடைச்சுராதீங்கடா. சோறு தண்ணி போக வழி விடணும். நம்ம குடிசைக்கு விடற மாதிரி. கை நுழையணும், தலை நுழையக் கூடாது."

மசணன் முதலில் கோடாலி உடைத்த ஓட்டையைப் பூசினான். பிறகு கல்லில் ஏறி நின்று பொந்தின் வாசலைப் பூசத் தொடங்கினான். மண் ஏற ஏற வாசல் சுருங்கியது. ஓரிடத்தில் கை நின்றது. "கை நுழையணும்னு அம்மா சொன்னாங்க. உனக்கு ஏது கை?"

"மூக்கு நுனி நுழைஞ்சாப் போதும்" என்றது இருவாச்சி. "ஒவ்வொரு பழமா ஊட்டிருவேன்."

"தலை நுழையக் கூடாதே." மசணன் திரும்பி, "ஏய் உடும்பு, இங்க வா" என்றான்.

"எதுக்கு?"

"உன் தலையைக் காட்டு. அளவெடுக்கணும்."

"என்னை வெச்சே எனக்குப் பூட்டுப் போடறீங்களா?" என்றது உடும்பு. ஆனாலும் வந்து தலையைக் காட்டியது. ஏன் காட்டியது என்று அதற்கே தெரியவில்லை. மசணன் விரலை வைத்து அளந்து, அதைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாக நெடுக்கில் ஒரு கீற்று விட்டு, மற்றதை அடைத்தான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து முதல் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று. பெட்டை தன் பங்குக்கு உள்பக்கம் இருந்து ஈர மண்ணை அலகால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் மற்றவர்களும் வந்து கூடிவிட்டார்கள். யானைக்குக் கோபம். "நான் கூட்டத்துல பேர் சொல்லிக் கேட்டேனே. ஏன் சொல்லலை?"

"சொன்னா உடும்புக்கும் கேட்டிருக்குமே" என்றது இருவாச்சி. பெட்டையிடம் சொன்ன அதே பதில்தான்.

எல்லாரும் உடும்பைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? பசிச்சாத் திங்கறேன். இலையைத் தின்னுன்னா என்னால முடியுமா?" என்றது உடும்பு. அதுவும் சரியாகத்தான் இருந்தது. யானை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. யாரைத் திட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை.

மசணன் தலை நிமிராமல் சொன்னான்: "உள்ள இருக்கறவ சொல்லாததுல தப்பில்லை. இவன் சொல்லாததுலயும் தப்பில்லை. தட்டிக் கேக்காதது நான்."

அவன் கோடாலியை எடுத்தான். எல்லாரும் ஒதுங்கினார்கள். கோடாலியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் மரத்தில் மெல்லத் தட்டி, காதை வைத்து நின்றான். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் நின்றிருப்பான். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. ஆனால் அலகு மண்ணில் ஒரு தடவை உரசியது.

"இது போதும்" என்றான் மசணன். "பேர் சொல்ல வேண்டாம், குரல் குடுக்க வேண்டாம். இது போதும்."

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. நல்ல உரத்த அழுகை. பெண் குழந்தை என்று ரேசி கூவினாள். யாருக்குச் சிரிப்பது, யாருக்கு அழுவது என்று தெரியாமல் எல்லாரும் அப்படியே நின்றார்கள். முதலில் இருவாச்சிதான் மசணனைப் பார்த்து, "போ, போய்ப் பாரு" என்றது. பிறகு அதுவே, "எட்டிப் பாக்கக் கூடாதில்ல" என்றது.

மழை பிற்பகலில் வந்தது. அதற்குள் காடனும் மருதனும் ஈச்ச ஓலை வெட்டிக் கூரை வேய்ந்துவிட்டார்கள். யானை ஓலையைத் தூக்கிக் கொடுத்தது. ஓலைக் கூரை ஒழுகத்தான் செய்தது. மசணன் இடுக்கின் வழியாகக் கஞ்சியை நீட்டினான். அவன் விரல்களில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒழுகுதா?" என்று கேட்டான்.

"ஒரு மூலையில ஒழுகலை. அங்க இருக்கோம்" என்றாள் கக்கி. பிறகு கேட்டாள்: "அங்க?"

"அங்க ஒழுகாது. நான் பூசினது."

கக்கி கஞ்சியை வாங்கிக்கொண்டு, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டதும் மூப்பர் காடன் பாறையடிக்குப் போய்த் தான் வைத்த பதினெட்டுக் கல்லையும் மடியில் கட்டிக்கொண்டு குங்கிலிய மரத்தடிக்கு வந்தார். ஒவ்வொன்றாக வேரோரம் வைத்தார். பதினெட்டு முடிந்ததும் புதிதாகக் கல் பொறுக்கினார். பெட்டைக்கு ஒன்று வைத்தார். கக்கியின் குழந்தைக்கு ஒன்று. உள்ளே இருந்த முட்டைக்கு ஒன்று. உடைந்த முட்டைக்கும் ஒன்று வைத்தார். இருபத்திரண்டு. கூட்டம் கூடிய அன்றே வைத்திருக்க வேண்டிய கணக்கு அதுதான்.

கடைசிக் கல்லை மட்டும் திரும்ப எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

இருவாச்சி தினமும் அத்திப் பழம் கொண்டுவந்து கீற்றின் வழியாக ஊட்டியது. குஞ்சு பொரித்து, பெட்டைக்கு இறகு முளைத்த பிறகுதான் மண்ணை உடைத்து வெளியே வந்தார்கள். அது வரைக்கும் மசணன் நாள்தோறும் போய், கோடாலி இல்லாமல், மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். அவனும் இருவாச்சியும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

அந்த நாளில் தொடங்கியதுதான் இதெல்லாம். இருவாச்சிப் பெட்டை முட்டையிட உள்ளே போனதும் வாசலைப் பூசிக்கொண்டு, மூக்கு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடுகிறது. இரண்டு முட்டை வைத்தாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சோடுதான் வெளியே வருகிறது. தூவக்கொம்பை ஆட்கள் எந்த மரத்தை வெட்டுவதற்கு முன்னும் கோடாலியைத் திருப்பிப் பிடித்துத் தட்டி, காது வைத்துக் கேட்கிறார்கள். பொந்து மரத்தைக் கூரைக்குக் கேட்பதே இல்லை. தேனோ கிழங்கோ பங்கு வைக்கும்போது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இரண்டு பங்கு வைக்கிறார்கள். கண் படும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

அந்தக் குங்கிலிய மரம் வெட்டுத் தழும்போடு இன்னும் நிற்கிறது. அடியில் காடன் வைத்த கற்களும் இருக்கின்றன. பாசி பிடித்தவற்றையும், வேர் பாதி விழுங்கியவற்றையும் விடாமல் எண்ணினால் இருபத்தொன்று.